வெள்ளியிரும்புக் கிண்ணம்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று என்னைத் துளைக்காதீர்கள், ராஜாக்களுக்கு உட்காரத் தெரியாமல் போன காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவருக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. சிம்மாசனத்தில் அமர்வார், அமர்ந்த கையோடு எழுந்துவிடுவார். "உள்ளங்காலில் அனல் அடிக்கிறது" என்பார். "முதுகுக்குள் யாரோ நடக்கிறார்கள்" என்பார். மனசும் அப்படித்தான். அரண்மனைக்குப் பின்னால் குளம் வெட்டச் சொன்னார். வெட்டி முடித்துத் தண்ணீர் திறந்துவிடப் போகிற நேரத்தில், அதே இடத்தில் ஒரு குன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்றார். வெட்டின மண்ணையே அள்ளி வந்து கொட்டினார்கள். மண் சுமந்தவர்களின் வயிற்றெரிச்சல் மண் சுமந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்பேர்ப்பட்ட ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் அம்பலக்கூத்தனின் உத்தியோகம். அவன் அந்தச் சபையின் விகடகவி. ஒரு விகடம் என்றால் கேட்கிறவர் கடைசி வரை உட்கார வேண்டாமா? ராஜா பாதியில் எழுந்து நடப்பார். கூத்தன் பின்னாலேயே ஓடி, தூணுக்குத் தூண் சுற்றி, மீதியைச் சொல்லி முடிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபோது அவனுக்குத் தொப்பை இருந்தது. இப்போது தேடினாலும் கிடைக்காது.

ராஜாவுக்கு இந்த அவஸ்தை பிறவியிலேயே வந்ததல்ல. அடுத்த நாட்டு ராஜா இவரைவிட வயசில் மூத்தவர், ஆனால் தலையில் ஒரு நரை கிடையாது என்று யாரோ வந்து சொன்னார்கள். அன்றைக்குப் பிடித்த பித்து. ராஜவைத்தியர் மகரந்தப் பண்டிதரைக் கூப்பிட்டு, "எனக்கும் நரை திரை வராத வச்சிர மேனி வேண்டும்" என்றார். பண்டிதரும் லேசுப்பட்டவர் அல்லர். இரும்பைச் சுட்டுச் செந்தூரம் ஆக்கினார், வெள்ளியைச் சுட்டுப் பஸ்பம் ஆக்கினார், இரண்டையும் தேனில் குழைத்துத் தினமும் காலையில் சபையிலேயே ராஜாவுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்.

அந்த நாட்டில் ஒரு பழைய சட்டம் உண்டு. ராஜாவின் வாய்க்குள் எது போனாலும், கொடுக்கிறவர் அதே அளவு தாமும் எடுத்து, ராஜாவின் கண்ணெதிரே முதலில் தின்றாக வேண்டும். எந்தக் காலத்திலோ பாயசத்தில் யாரோ விஷம் வைத்ததிலிருந்து வந்த ஏற்பாடு. ஆகவே பண்டிதர் முதலில் தாம் ஒரு கரண்டி வழித்து நக்குவார். பிறகு ராஜாவுக்கு ஒரு கரண்டி. பிறகு கையை உயர்த்தி, "நாவில் இரண்டு! நாபியில் ஒன்று! வெள்ளியும் இரும்பும் மகாராஜாவின் மேனியில் ஒன்றாகக் கலந்துவிட்டன!" என்று முழங்குவார். சபை "ஆகா!" என்னும். நல்ல வேளை, ஆகா சொல்கிறவர்கள் எதையும் தின்ன வேண்டும் என்று சட்டம் இல்லை.

நாள் ஆக ஆக ராஜாவின் தலையில் நரை கூடியதே தவிரக் குறையவில்லை. அனல் மட்டும் புதிதாக வந்து சேர்ந்தது. ஒரு நாள் நடந்துகொண்டே ராஜா கேட்டார்.

"பண்டிதரே, என் வச்சிர மேனி எங்கே?"

பண்டிதர் வாய் சாமர்த்தியமுள்ள மனுஷர், சமாளித்துக்கொண்டார். "மகாராஜா, மருந்தில் பழுதில்லை. பாத்திரத்தில்தான் பழுது. வெள்ளியும் இரும்பும் ஒன்றாகக் கலந்து வார்த்த கிண்ணத்தில் இட்டு உண்டால்தான் இது முழுப் பலன் தரும். அப்படி ஒரு கிண்ணம் நம் நாட்டில் இல்லையே என்பதுதான் அடியேனின் கவலை."

அப்படி ஒரு கிண்ணத்தை யாராலும் வார்க்க முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கிண்ணம் வராத வரைக்கும் மருந்தை யாரும் குறை சொல்ல முடியாது. எப்படி இருக்கிறது யோசனை!

"இவ்வளவுதானா? கன்னார் தெரு மாணிக்க ஆசாரியை வார்க்கச் சொல்லுங்கள்!" என்று ராஜா உத்தரவு போட்டுவிட்டு நந்தவனத்துக்கு நடந்துவிட்டார்.

கன்னார் தெரு ஆற்றங்கரையில் இருந்தது. மணி, அண்டா, குத்துவிளக்கு என்று அந்த நாட்டில் வார்ப்பு எதுவாக இருந்தாலும் அந்தத் தெருவிலிருந்துதான் வரும். கூத்தனின் வீடும் அந்தத் தெருக் கோடியில்தான். சின்ன வயசிலிருந்து மாணிக்க ஆசாரியை அண்ணன் என்றும் அவர் மனைவி பேச்சியம்மையை மதினி என்றும் கூப்பிட்டு, அந்த வீட்டுச் சோற்றைப் பாதி நாள் தின்று வளர்ந்தவன் அவன்.

ஆசாரி முன்கோபி. உத்தரவைக் கேட்டதும், "எவன்டா சொன்னது?" என்று ஒரு சத்தம் போட்டார். பிறகு ராஜா என்று தெரிந்ததும் சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டு, கோபத்தைக் குறைக்காமல் உலையை மூட்டினார். உலோகம் உருக்குகிற மண் மூசையில் இரும்பையும் வெள்ளியையும் போட்டார். ஆட்கள் மாறி மாறித் துருத்தி ஊதினார்கள். இரண்டும் உருகின. ஊற்றினார். ஆறியதும் எடுத்துப் பார்த்தால் அடியில் வெள்ளி, மேலே இரும்பு. கோபித்துக்கொண்ட சம்பந்திகள் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி, பக்கத்தில் இருந்தும் ஒட்டுறவு இல்லை. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாகப் பிளந்தது. மறுபடி உருக்கினார், பற்றவைக்கிற வெண்காரம் போட்டார், கிளறினார், திட்டினார். மறுபடியும் அடியில் வெள்ளி, மேலே இரும்பு.

ஆசாரி அந்த இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு நேரே சபைக்குப் போனார். "மகாராஜா, இது சேராது. சேராததைச் சேருன்னா நான் என்ன செய்ய? வேணும்னா வெண்கலத்துல ஒரு கிண்ணம் வார்த்துத் தாரேன், தலைமுறைக்கும் கிடக்கும்" என்றார்.

ராஜாவுக்கு அன்று காலையிலிருந்தே உள்ளங்கால் எரிச்சல். பண்டிதர் அவர் காதருகே குனிந்தார். "மகாராஜா, முடியாது என்பதல்ல இது, மாட்டேன் என்பது. இன்று ஆசாரி மாட்டேன் என்பான், நாளை சேனாபதி மாட்டேன் என்பார்."

இந்த இடத்தில் கூத்தன் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆசாரியண்ணன் கையில் துண்டுகளோடு நிற்பதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, பண்டிதர் சொல்வது மெய்தான். அந்த இரண்டு உலோகமும் மாட்டேன் என்கின்றன. இரண்டையும் சிறையில் போட்டுவிட்டு ஆசாரியை வீட்டுக்கு அனுப்பலாம்" என்றான்.

சபை சிரித்துவிட்டது. ராஜாவின் உதடுகூடக் கொஞ்சம் அசைந்தது. பண்டிதரின் முகம் கடுத்தது. கூத்தனை மடக்க எத்தனையோ நாளாகக் காத்திருந்தவர் ஆயிற்றே.

"மகாராஜா, வாயாலேயே எதையும் சாதிப்பவர் நம் கூத்தர். இந்தக் காரியத்தையும் அவரிடமே ஒப்படைத்தால் என்ன? சேர்த்துக் காட்டட்டும். உலையில் இட்டு எடுத்தாலும் பிரியக் கூடாது. அதுதான் சோதனை."

ராஜா பட்டென்று திரும்பினார். புது யோசனை எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்கிறவர். "சரி! கூத்தா, வருகிற அமாவாசையன்று, வெள்ளியும் இரும்பும் பிரியாமல் ஒன்றாகக் கலந்து நிற்பதை இந்தச் சபையில் நீ எனக்குக் காட்ட வேண்டும். காட்டினால் ஆசாரி பிழைத்தான். காட்டாவிட்டால் கன்னார் தெரு முழுவதும் நம் எல்லையைத் தாண்டிப் போகட்டும். நீயும் கூடவே போ."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பது இதுதான். ஒரு ஆசாரிக்கு வந்த கண்டம் இப்போது ஒரு தெருவுக்கே வந்துவிட்டது.

தெருவுக்குள் கூத்தன் கால் வைத்ததும் பேச்சியம்மை பிடித்துக்கொண்டாள். "வாங்க கொழுந்தனாரே, வாங்க! உங்கண்ணன் ஒருத்தர் மாட்டினா போதாதா? ஊரையே கூண்டோட மாட்டி வெச்சிட்டு வந்திருக்கீக! உங்க வாயில ஒரு உருண்டை களிமண்ணை வெச்சு அடைச்சிருக்கணும், பச்சப் புள்ளையா இருந்தப்பவே!"

"மதினி, நான் அண்ணனுக்காகத்தான்..."

"நீங்க எங்களுக்காக ஒண்ணுமே செய்யாம இருந்தாலே நாங்க நல்லா இருப்போம்!"

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. வேறு ஊருக்குப் போய்ப் பிழைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். வார்ப்புக்கு உலோகம் எந்த ஊரிலும் கிடைக்கும். அச்சுப் பிடிக்கிற மண் அந்த ஆற்றங்கரையில் மட்டும்தான். மாவு மாதிரி இழையும், எத்தனை சூடு பட்டாலும் வெடிக்காது. வேறு மண்ணில் அச்சுப் பிடித்து உருக்கினதை ஊற்றினால் படீரென்று வெடித்து ஆளைச் சுடும். அந்த மண்ணை விட்டுப் போவதும் தொழிலை விட்டுப் போவதும் ஒன்றுதான். தெருப் பெண்கள் எல்லாரும் கரையில் இறங்கி, கிடைத்த கோணியில் எல்லாம் மண்ணை அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எத்தனை கோணி சுமக்க முடியும்? அது எத்தனை நாளைக்கு வரும்? பதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பேச்சியம்மை ஒரு கோணியை இழுத்துக் கட்டும்போது அழுதாள். கூத்தன் பார்க்கிறான் என்று தெரிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, "மண்ணு கண்ணுல விழுந்திடுச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு கூத்தனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ராஜாவின் வியாதி அவனுக்கும் தொற்றிக்கொண்டது போலத் தெருவுக்கும் ஆற்றுக்கும் நடந்தான். உலைப்பக்கம் போவான், ஆசாரி மறுபடியும் உருக்கிக்கொண்டிருப்பார், மூசையை எட்டிப் பார்ப்பான், அடியில் வெள்ளி, மேலே இரும்பு. வெளியே வருவான். சோறு இறங்கவில்லை. ஒரு விகடம்கூட வாயில் வரவில்லை. 'நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்' என்கிற ஒன்றே திரும்பத் திரும்ப அவனைக் குடைந்தது. அமாவாசையோ நெருங்கிக்கொண்டே வந்தது.

அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் சபைக்குப் போனான். போகாமல் இருந்தால் பயந்துவிட்டான் என்பார்களே. வழக்கம்போல் பண்டிதர் வந்தார். வழக்கம்போல் தாம் ஒரு கரண்டி நக்கினார், ராஜாவுக்கு ஒரு கரண்டி கொடுத்தார். வழக்கம்போல் கையை உயர்த்தி, "நாவில் இரண்டு! நாபியில் ஒன்று!" என்று முழங்கினார். "ஆகா!" என்றது சபை.

கூத்தன் ஆகா சொல்லவில்லை. அவன் பண்டிதரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பண்டிதர் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் நின்றார். கொஞ்ச நேரத்தில் அந்தக் காலைத் தூக்கி இந்தக் காலில் நின்றார். ராஜாவும் அப்படியேதான் நின்றார். இத்தனை நாள் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று கூத்தனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்துக்கு நடுவிலேயே ஒரு சிரிப்பும் முளைத்தது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டு, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, கைகட்டி முன்னால் வந்தான்.

"பண்டிதர் பெருமானே, ஒரு சந்தேகம். நாளைக்கு நாட்டை விட்டுப் போகிறவன், தெரிந்துகொண்டு போகிறேன். வெள்ளியும் இரும்பும் மகாராஜாவின் மேனியில் மெய்யாகவே ஒன்றாகிவிட்டனவா?"

எதிரி பணிந்து வந்து கேட்டால் யாருக்குத்தான் நெஞ்சு விரியாது? "ஐயம் என்ன கூத்தரே? பாலில் பால் கலந்தது போல ஒன்றாகிவிட்டன."

"பிரிந்துவிடாதே?"

"பிரிவதா! நெருப்பில் இட்டாலும் பிரியாது! இது மகரந்தன் செய்த மருந்து!"

"மகாராஜா, கேட்டீர்களா?" என்றான் கூத்தன்.

"கேட்டேன், கேட்டேன்" என்றார் ராஜா நடந்துகொண்டே.

கூத்தன் அங்கிருந்து தலைதெறிக்க ஓடினான். நேரே ஆசாரியின் பட்டறை. "அண்ணே! அரண்மனை முற்றத்தில் ஒரு உலை கட்ட வேண்டும். நாளைக் காலைக்குள்!"

"கிண்ணம் வார்க்கத்தானே? சின்ன உலை போதுமே."

"இல்லை. ஒரு ஆள் நிற்கிற உயரத்துக்கு வேண்டும். அகலமும் கொஞ்சம் தாராளமாக. தொப்பை இடிக்கக் கூடாது."

ஆசாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, பித்தம் கித்தம் தலைக்கு ஏறிடுச்சா? என்னத்த வார்க்கப் போற?"

கூத்தன் அவர் காதில் சொன்னான். ஆசாரி சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு, அந்த அமாவாசைக் கெடு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடியே பேச்சி! அந்தக் கோணியை எல்லாம் அவுத்துக் கொட்டு! உலைக்குப் பூச மண்ணு வேணும்!" என்று கத்தினார்.

மறுநாள் அமாவாசை. அரண்மனை முற்றத்தில் உலை அனல் கக்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் துருத்திகள் உறுமின. சபையோர், சேனாபதி, அரண்மனைப் பெண்கள், கன்னார் தெரு ஜனங்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். பண்டிதர் புதுப் பட்டு உடுத்தி, யாத்திரை அனுப்ப வந்தவர் போல முன்வரிசையில் நின்றார். சிம்மாசனத்தையும் முற்றத்துக்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ராஜா அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"கூத்தா, எங்கே அது?"

கூத்தனின் இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. "காட்டுகிறேன் மகாராஜா. தாங்கள் மட்டும் சற்றே அமர வேண்டும்."

ராஜா அமர்ந்தார். ஆவல் அனலையும் மிஞ்சியிருந்தது. கூத்தன் மெதுவாகச் சிம்மாசனத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான், எதிரே நின்றான், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தான்.

"காட்டிவிட்டேன், மகாராஜா."

"எதைக் காட்டினாய்?"

"வெள்ளியும் இரும்பும் ஒன்றாகக் கலந்த உருவத்தை. இதோ, சிம்மாசனத்தில் அமர்ந்திருக்கிறது. தினமும் இத்தனை வெள்ளி, இத்தனை இரும்பு. இரண்டும் பிரியாமல் ஒன்றாகிவிட்டன என்று ராஜவைத்தியரே நேற்று இந்தச் சபையறியச் சொன்னார். இதைவிட உயர்ந்த வார்ப்பை நான் எங்கே போய்த் தேடுவேன்?"

ராஜா தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். புஜத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

பண்டிதருக்குக் கூத்தன் தப்பித்துவிடப் போகிறானே என்கிற பதற்றம். முன்பின் யோசிக்கவில்லை. ஒரே குதியாக முன்னால் வந்து, "ஏமாற்று! ஏமாற்று! நம்பாதீர்கள் மகாராஜா! சோதனை என்ன ஆயிற்று? முதலில் உலையில் இடட்டும், பிறகு பேசலாம்!" என்று கத்தினார்.

சேனாபதியின் கை வாளுக்குப் போயிற்று. ராஜா மெல்லக் கேட்டார்.

"பண்டிதரே, யாரை உலையில் இடச் சொல்கிறீர்?"

அப்போதுதான் பண்டிதருக்குத் தாம் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

கூத்தன் கையெடுத்துக் கும்பிட்டான். "கோபம் வேண்டாம், மகாராஜா. பண்டிதர் கேட்பது நியாயமே. சோதனை என்று சொன்னால் சோதனை நடக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு மகாராஜா எதற்கு? நம் நாட்டுச் சட்டப்படி பண்டிதரும் தினமும் அதே மருந்தை அதே அளவு உண்டு வருகிறார். மகாராஜா ஒரு வார்ப்பு என்றால், பண்டிதர் அதே அச்சில் எடுத்த இன்னொரு வார்ப்பு. அவரை இறக்கிப் பார்ப்போம். நெருப்பில் இட்டாலும் பிரியாது என்று அவரே சொல்லியிருக்கிறார், பயம் என்ன?"

ராஜா கூத்தனைப் பார்த்தார், பண்டிதரைப் பார்த்தார், உலையைப் பார்த்தார். "ஆமாம், சொன்னார். நானும் கேட்டேன். நடக்கட்டும்!"

மாணிக்க ஆசாரி நீளமான குறடோடு வந்து பண்டிதரின் தோளுக்கும் இடுப்புக்கும் வைத்து அளந்தார். "சாமி கொஞ்சம் குட்டைதான். தாராளமாப் போகும்" என்றார்.

பேச்சியம்மை மஞ்சளும் குங்குமமுமாக வந்து சேர்ந்தாள். "கொஞ்சம் குனிங்க சாமி. உலையில எது இறங்கினாலும் மஞ்ச தடவிப் பொட்டு வெக்கிறது எங்க வழக்கம். வெக்காம இறக்கினா வார்ப்பு ஓட்டை விழும்" என்று சொல்லிக்கொண்டே பண்டிதரின் நெற்றியில் இழுத்துப் பூசினாள். பூசினதில் நேற்றுவரை அள்ளின மண்ணுக்கெல்லாம் சேர்த்து ஒரு அழுத்து அழுத்தினாள். துருத்திக்காரர்கள் இன்னும் இரண்டு ஊது ஊதினார்கள். உலை குபீரென்றது.

அவ்வளவுதான். பண்டிதரின் சாமர்த்தியம் எல்லாம் எங்கே போயிற்றோ, ஓடி வந்து ராஜாவின் காலைக் கட்டிக்கொண்டார்.

"கலக்காது மகாராஜா! சத்தியமாகக் கலக்காது! உலையிலும் கலக்காது, வயிற்றிலும் கலக்காது! இரும்பு இரும்பாகவே போகிறது, வெள்ளி வெள்ளியாகவே போகிறது! தினமும் காலையில் அடியேன் போய் உட்கார்ந்தால்..."

"போதும்! பெண்கள் இருக்கிறார்கள்" என்று ராஜா கையை உயர்த்தினார். பிறகு குனிந்து, "அப்படியானால் என் உள்ளங்கால் அனல்?" என்று கேட்டார்.

"அது மட்டும் உள்ளேயே தங்கிவிடுகிறது, மகாராஜா" என்றார் பண்டிதர் அழாத குறையாக. "அடியேனுக்கும்தான்! இதைத் தின்ன ஆரம்பித்த நாள் முதல் ஒரு வேளை நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. நிறுத்தலாம் என்றால் மகாராஜா கோபித்துக்கொள்வீர்களே என்று பயம். மருந்து பலிக்கவில்லை என்று சொல்லவும் பயம். அதனால்தான் பழியைப் பாத்திரத்தின் மேல் போட்டு, வார்க்க முடியாத கிண்ணம் ஒன்றைக் கேட்டேன்."

கூத்தன் இப்போது சிரிக்கவில்லை. ஆசாரியை முன்னால் அழைத்து நிறுத்தினான். "மகாராஜா, கலக்கும் என்றால் நான் காட்டியாயிற்று. கலக்காது என்றால் இந்த மனுஷர் அன்றைக்கே அதைத்தான் சொன்னார். அவர் சொன்னபோது ஒரு தெருவே ஊரை விட்டுப் போகவேண்டிய நிலை வந்தது. எது சரி என்று தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்."

ராஜா ஆசாரியைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் மண் அப்பின கைகளோடு நின்ற கன்னார் தெருப் பெண்களைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெட்கம் வந்து போனது. பிறகு மஞ்சளும் குங்குமமும் வழிய, எழுந்து ஒற்றைக் காலில் நின்ற பண்டிதர் கண்ணில் பட்டார். பட்டதும் ராஜாவுக்குச் சிரிப்புக் கிளம்பியது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. சிம்மாசனத்தை விட்டு எழுந்திருக்காமலேயே கண்ணில் நீர் வரச் சிரித்தார். கூத்தனின் உத்தியோக காலத்தில் ராஜா உட்கார்ந்தபடியே முழுசாகக் கேட்ட விகடம் இது ஒன்றுதான்.

"கன்னார் தெரு எங்கும் போக வேண்டாம். ஆசாரி, நான் தவறு செய்தேன். உம் வெண்கலக் கிண்ணத்தையே கொண்டு வாரும், வெறும் மோர் ஊற்றிக் குடிக்கிறேன்" என்றார் ராஜா. ஜனங்கள் போட்ட சத்தத்தில் யானைக் கொட்டிலில் யானைகள் பிளிறின. பேச்சியம்மை கூத்தனின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "பொழச்சுப் போங்க கொழுந்தனாரே!" என்றாள். அழவும் செய்தாள், ஆனால் இந்தத் தடவை மண்ணைக் குறை சொல்லவில்லை.

ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தனுக்குப் போட்டார். "இது போதாது. இன்னும் கேள். என்ன வேண்டும்?"

கூத்தன் கொஞ்சம் யோசித்தான். "மகாராஜாவின் வாய்க்குள் எது போனாலும், கொடுக்கிறவர் முதலில் தின்று காட்டுகிறார். காதுக்குள் போவதற்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும், மகாராஜா. இதைச் செய்யலாம், அதைச் செய்யச் சொல்லலாம் என்று யார் வந்து சொன்னாலும், சொன்னவரே முதலில் அதைச் செய்து காட்டட்டும்."

"கொடுத்தேன்! இந்தக் கணமே அமல்!" என்றார் ராஜா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பண்டிதர் பக்கம் திரும்பினார். "பண்டிதரே, வெள்ளியிரும்புக் கிண்ணம் வேண்டும் என்று சொன்னவர் நீர்தானே? ஆசாரியின் பட்டறைக்குப் போம். முதலில் நீர் ஒன்று வார்த்துக் காட்டும். அதுவரை அங்கேதான் உமக்கு வாசம்."

"வாங்க சாமி, துருத்தி ஊத ஒரு ஆள் குறையுதுன்னு எங்க ஆசாரி சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்று பேச்சியம்மை பண்டிதரின் பட்டு அங்கவஸ்திரத்தை வாங்கி மடித்து வைத்தாள்.

ராஜா கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, சபையோரைப் பார்த்து வழக்கம்போல் கேட்டார். "சரி, வேறு யாருக்காவது ஏதாவது யோசனை உண்டா?"

அமைச்சர் தம் மோதிரத்தைத் திருகினார். சேனாபதி வாள் உறையில் இல்லாத தூசியைத் தட்டினார். நேற்றுவரை ஆளுக்கு நாலு யோசனை வைத்திருந்தவர்கள் எல்லாரும் வேலை இருப்பது போல ஒவ்வொருவராக நழுவினார்கள். அன்றைக்கு அந்த நாட்டில் சபை வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிட்டது.